பாறைக்குழியில் விழும் டயரும் பேரலும்

கொங்கு நாட்டில் எதையாவது கொண்டுபோய்க் கொட்ட நினைப்பவருக்கு இடத்துக்குப் பஞ்சமில்லை. திருப்பூர், பல்லடம் பக்கம் கல் எடுத்து முடித்துக் கைவிட்ட பாறைக்குழிகள் இருக்கின்றன. இரண்டு பக்கமும் கிளுவை வேலியோடு போகும் இட்டேரிகளில் ஆள் நடமாட்டம் குறைந்துவிட்டது. மழைக்கு மட்டும் ஓடும் பள்ளங்கள், ஆக்கிரமிப்பு போக மிச்சமிருக்கும் குட்டைகள், மனை பிரித்தும் விற்காமல் கிடக்கும் சைட்டுகள் வேறு. ராத்திரி ஒரு டிப்பர் வந்து பின்பக்கத்தைத் தூக்கிவிட்டுப் போக ஐந்து நிமிடம் போதும். காலையில் ஆடு ஓட்டி வருகிறவர் பார்க்கும்போது டயர்கள் குவிந்திருக்கும். இல்லையென்றால் மூடி கழன்ற நீல பேரல்கள். இல்லையென்றால் சாக்கில் கட்டிய, நாற்றமடிக்கும் ஈரச் சேறு.

எது கிடந்தாலும் ஊர் செய்வது ஒன்றுதான். ஜேசிபி வைத்துக் குழிக்குள் தள்ளி மண் போட்டு மூடுவார்கள், அல்லது தீ வைப்பார்கள். டயருக்கும் சேற்றுக்கும் இரண்டுமே தப்பு. ஆனால் தப்பாவதற்கான காரணம் ஒன்றல்ல. சரியான வழியும் ஒன்றல்ல. டயரை அப்புறப்படுத்துவது பெரும்பாலும் வண்டி வாடகைப் பிரச்சினை. பேரலையும் சேற்றையும் அப்புறப்படுத்துவது சட்டமும் வேதியியலும் கலந்த பிரச்சினை. இரண்டையும் 'கழிவு' என்ற ஒரே சொல்லில் போட்டுப் பேசுவதால்தான் பல ஊர்களில் மனுக் கொடுத்தும் வேலை நடக்காமல் போகிறது என்று நினைக்கிறேன்.

முதலில் டயரை எடுத்துக்கொள்வோம். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு என்று லாரியும் டேங்கரும் போர் போடும் ரிக் வண்டியும் பிழைப்பாக இருக்கும் வட்டாரத்தில் டயர் என்பது வீட்டு நகை மாதிரி கணக்கில் வைக்கப்படும் சொத்து. புதுசாக வாங்கிய லாரி டயரின் விலையில் பெரும்பகுதி அதன் அடிக்கூட்டில், அதாவது கேசிங்கில், இருக்கிறது. சாலையில் உரசும் மேல் ரப்பரான பட்டன் தேய்ந்ததும் யாரும் தூக்கி எறிவதில்லை. கேசிங் நன்றாக இருந்தால் ரீட்ரேடிங்குக்குப் போகும். ஹாட் முறையோ கோல்டு முறையோ, புதுப் பட்டன் ஒட்டி மறுபடி பின்சக்கரத்துக்கு வரும். ஒரு முறை, இரண்டு முறை, கேசிங் தாங்கினால் மூன்றாம் முறைகூட. ரீட்ரேடிங்குக்கு வேண்டிய ரப்பரைச் செய்யும் எல்ஜி ரப்பர் போன்ற நிறுவனம் கோவையில் வேர்விட்டதற்கு இந்த லாரிச் சூழல் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும். பழைய டயரை என்ன செய்வது என்று உலகம் யோசிக்கத் தொடங்குவதற்கு முன்பே இங்கே அதற்குப் பதில் இருந்தது. டயர் வண்டி, டயர் செருப்பு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் டயர் தொட்டி எல்லாம் அந்தப் பதிலின் மிச்சங்கள்தான்.

அப்படியென்றால் இட்டேரியில் கிடப்பது யாருடைய டயர்? பெரும்பாலும் லாரி டயர் அல்ல. கார், ஆட்டோ, இருசக்கர வாகன டயர்கள், அப்புறம் கேசிங் வெடித்து ரீட்ரேடிங்குக்கு லாயக்கில்லாமல் போனவை. ஒரு லாரி டயர் 50 கிலோவுக்கு மேல் இருக்கும். காரினுடையது 8 முதல் 10 கிலோ. இரண்டிலும் உள்ளே வெற்றிடம்தான் அதிகம். முழு டயரை அடுக்கினால் அது அடைக்கும் இடத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு காற்று. ஆகவே ஒரு லாரி நிறைய கார் டயர் ஏற்றினாலும் எடை வராது. வாங்குகிறவர் எடைக்குத்தான் காசு கொடுக்கிறார்; வண்டிக்காரரோ தூரத்துக்கு வாடகை கேட்கிறார். பஞ்சர் கடைக்காரர் கணக்குப் போட்டுப் பார்த்தால், சேர்த்து வைத்து அனுப்புவதைவிட ராத்திரியில் குட்டைக்குக் கொண்டுபோவது மலிவாக இருக்கிறது. டயர் தரையில் விழுவது இந்தக் கணக்கால்தான். விலை இருக்கும் பொருள் தெருவில் கிடப்பதில்லை. பழைய இரும்பு எங்காவது குவியலாகக் கிடந்து பார்த்திருக்கிறோமா?

தீர்வையும் இந்தக் கணக்கில்தான் தேட வேண்டும். டயரைப் பக்கவாட்டில் இரண்டாக வெட்டினாலோ துண்டு போட்டாலோ அதே லாரியில் பலமடங்கு எடை ஏறும். ஒரு ஒன்றியத்துக்கு ஒரு இடத்தில், கூரையின் கீழ், வெட்டும் இயந்திரத்தோடு ஒரு சேகரிப்பு நிலையம் இருந்தால் வாடகைக் கணக்கு தலைகீழாகும். விழிப்புணர்வுப் பேரணியைவிட இந்த ஒரு இயந்திரம் அதிகம் செய்யும்.

சரி, டயர் கிடந்தால்தான் என்ன, மக்கிப் போகாதா என்று கேட்பவர்கள் உண்டு. போகாது. 1839-இல் சார்லஸ் குட்இயர் கந்தகத்தோடு ரப்பரைச் சூடாக்கி வல்கனைசிங் முறையைக் கண்டார். கந்தகம் ரப்பர் இழைகளைக் குறுக்கே பிணைத்துவிடுகிறது. வெயிலுக்கும் மழைக்கும் சாலை உராய்வுக்கும் டயர் தாங்குவதற்குக் காரணமான அந்தப் பிணைப்புதான் மண்ணில் அது மக்காமல் இருப்பதற்கும் காரணம். பிளாஸ்டிக் வாளியை உருக்கி வேறு வாளி ஊற்றலாம். டயரை அப்படி உருக்கி டயர் ஊற்ற முடியாது. குழியில் புதைத்தாலும் உள்ளே அடைபடும் காற்றும் வாயுவும் அதை மெல்ல மேலே தள்ளும். மூடின மண்ணைப் பிளந்துகொண்டு வரும். ஐரோப்பிய ஒன்றியம் முழு டயரைப் புதைப்பதை 2003-லும், துண்டு போட்ட டயரைப் புதைப்பதை 2006-லும் தடைசெய்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

மக்காமல் சும்மா கிடந்தால்கூடப் பரவாயில்லை. டயரின் உள்வளைவில் நிற்கும் மழைநீர் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குப் பிடித்த இடம். நிழல், அசையாத தண்ணீர், உள்ளே விழுந்து அழுகும் இலை, எல்லாம் அங்கேயே. முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். தண்ணீர் வற்றிவிட்டதே என்று நிம்மதியடையவும் முடியாது. டயரின் உட்சுவரில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தும் அடுத்த மழையில் பொரிக்கும். அதனால்தான் பழைய டயர் வணிகத்தோடேயே ஏடிஸ் வகைக் கொசு நாடு விட்டு நாடு போயிருக்கிறது. அமெரிக்காவின் ஹூஸ்டனில் 1985-இல் ஆசியப் புலிக்கொசு குடியேறியிருப்பது தெரியவந்தபோது, இறக்குமதியான பழைய டயர்கள்தான் அதைச் சுமந்து வந்தன என்று கண்டார்கள். ஐப்பசி மழைக்கு முன்பே டயரை அகற்றுங்கள் என்று சுகாதாரத் துறை கத்துவது இதற்குத்தான். அகற்ற முடியாவிட்டால் குறைந்தது ஓட்டையாவது போடலாம். அல்லது வாய் நிறைய மண் போட்டுவிடலாம்.

தீ இன்னும் மோசம். டயர் நிலக்கரிக்கு நிகராக எரியும், ஆனால் பற்றிக்கொண்டால் அணைக்க முடியாது. வெற்றிடத்தில் காற்று இருக்கிறது, வளைந்த ரப்பர் தண்ணீரை உள்ளே விடாது. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 1983-இல் ஏறக்குறைய 70 லட்சம் டயர் குவிந்த ஒரு கிடங்கில் பற்றிய தீ ஒன்பது மாதம் எரிந்தது. வேல்ஸில் ஹேயோப் என்ற இடத்தில் 1989-இல் பிடித்த தீ அடியில் புகைந்துகொண்டே பதினைந்து ஆண்டுக்குக் குறையாமல் இருந்தது. மூச்சை அடைக்கும் கரும்புகை கண்ணுக்குத் தெரிகிறது. கந்தக டைஆக்சைடு, பென்சீன், புற்றுநோயை உண்டாக்கும் பாலிஅரோமேட்டிக் சேர்மங்கள் தெரிவதில்லை. அதைவிடத் தெரியாதது அடியில் ஓடுகிற எண்ணெய். திறந்த வெளியில் எரியும் ஒரு கார் டயர் ஏறக்குறைய 7 லிட்டர் எண்ணெயாக உருகிக் கசியும் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறையின் மதிப்பீடு. மிஞ்சுகிற சாம்பலில் துத்தநாகம் நிறைய. அதாவது, அபாயக் கழிவாக இல்லாத பொருளைத் தீ வைத்து நாமே அபாயக் கழிவாக மாற்றுகிறோம். தீயணைப்புக்கு வருகிறவர்களும் தண்ணீரைவிட மண்ணைத்தான் நம்புகிறார்கள்.

போகிக்கு டயர் எரிக்காதீர்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் கேட்டுக்கொள்கிறது. கொங்கில் அன்றைக்கு வேப்பிலையும் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் சேர்த்துக் காப்புக் கட்டுவதுதான் வழக்கம்; எரிப்பது பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. அதை விடுவதற்கு நாம் எதையும் இழக்க வேண்டியதில்லை.

டயருக்கு முறையான போக்கிடங்கள் சில உண்டு. ரீட்ரேடிங் முதலிடம், டயராகவே வைத்திருப்பதைவிடச் சிக்கனமான மறுசுழற்சி கிடையாது. அடுத்தது இயந்திரத்தில் அரைத்து ரப்பர் தூளாக்குவது. அந்தத் தூள் பாய்க்கும் விளையாட்டுத் தளத்துக்கும் போகிறது, தாரோடு கலந்து சாலைக்கும் போகிறது. ரப்பர் கலந்த தார் வெயிலில் இளகுவதும் குளிரில் வெடிப்பதும் குறைவு. மூன்றாவது, பிணைப்பை ஓரளவு உடைத்து மீட்பு ரப்பராக்குவது. சிமெண்ட் சூளையில் எரிபொருளாகப் போடுவதும் உண்டு; 1,400 டிகிரிக்கு மேல் வெப்பம் இருப்பதால் முழுக்க எரிந்துவிடும், உள்ளே இருக்கும் இரும்புக் கம்பியும் சிமெண்டுக்குத் தேவையான இரும்பாகவே சேர்ந்துகொள்ளும்.

கடைசியாக வருவதுதான் சர்ச்சைக்குரிய பைராலிசிஸ். காற்றில்லாத உலையில் 400, 500 டிகிரிக்குச் சூடாக்கினால் டயர் எண்ணெயாகவும் கரித்தூளாகவும் வாயுவாகவும் கம்பியாகவும் பிரிகிறது. எண்ணெய் ஏறக்குறைய நாற்பது சதவீதம் வரும். ஆலை உலைகளில் எரிக்கும் பர்னஸ் ஆயிலுக்குப் பதிலாக விற்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்தியாவில் இருக்கும் பல ஆலைகள் ஒரு முறை நிரப்பி, சூடாக்கி, ஆறவைத்துத் திறக்கும் ரகம். ஆறுவதற்குள் திறந்தால் உள்ளே இருக்கும் எண்ணெய் ஆவியும் கரியும் தீப்பிடிக்கும். கரித்தூள் தொழிலாளியின் நுரையீரலிலும் பக்கத்துத் தோட்டத்துத் தென்னையிலும் போய்ப் படிகிறது. 2019-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் இது வழக்கானபோது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த கணக்கில் 19 மாநிலங்களில் 637 பைராலிசிஸ் ஆலைகள் இருந்தன. விதிப்படி நடந்தவை 251; நடக்காதவை 270; மற்றவை மூடிக் கிடந்தன. டயரை வாங்கிக்கொள்கிறேன் என்று ஒருவர் வந்தால், எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று கேட்பது வீண் வம்பல்ல என்பதற்கு இந்த எண்கள் போதும்.

2022 ஜூலையில் ஒன்றிய அரசு அபாயக் கழிவு விதிகளைத் திருத்தி, டயர் செய்கிறவரும் இறக்குமதி செய்கிறவருமே அதன் முடிவுக்கும் பொறுப்பு என்று கொண்டுவந்தது. 2022-23-இல், அவர்கள் 2020-21-இல் செய்த டயரில் 35 சதவீதத்துக்கு நிகரான மறுசுழற்சிச் சான்று வாங்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு 70 சதவீதம், அதற்குப் பின் நூறு. பைராலிசிஸ் எண்ணெய்க்காகப் பழைய டயரை வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதும் தடைசெய்யப்பட்டது. நல்ல விதிதான். ஆனால் சான்று பிறப்பது ஆலையின் எடை மேடையில். காசு டயர் கம்பெனிக்கும் மறுசுழற்சி ஆலைக்கும் இடையில் கைமாறுகிறது. வெள்ளகோயில் பக்கத்துப் பஞ்சர் கடையிலிருந்து அந்த மேடை வரைக்கும் டயரைக் கொண்டுசேர்க்க யார் காசு கொடுப்பது என்பது அதில் இல்லை. ஆலைக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய கிடங்குகளிலிருந்து டயரை எடுத்தே இலக்கை எட்டிவிடலாம். இட்டேரி டயர் யாருடைய கணக்கிலும் வராது.

நல்ல எண்ணத்தில் செய்து கெட்டுப்போனதும் உண்டு. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 1972-இல் மீன்களுக்குச் செயற்கைப் பவளத் திட்டு அமைக்கிறோம் என்று ஏறக்குறைய 20 லட்சம் டயரைக் கடலில் இறக்கினார்கள். கட்டு அறுந்து அவை அலையில் உருண்டு, பக்கத்தில் இருந்த உண்மையான பவளத் திட்டையே நசுக்கின. பிற்பாடு ராணுவ முக்குளிப்பாளர்களை விட்டு எடுக்க வேண்டியதாயிற்று. நம்மூரில் அவ்வளவு பெரிதாக யாரும் செய்யவில்லை. ஆனால் பச்சைத் தீவனத்தைக் காற்றுப் புகாமல் மூடி வைக்கும் சைலேஜ் குழியின் தார்ப்பாய்மேல் பழைய டயரை எடைக்கு வைக்கிறவர்கள் ஒன்று கவனிக்கலாம்: டயர் இற்றுப்போனால் உள்கம்பி துண்டு துண்டாகத் தீவனத்தில் கலக்கும், மாட்டின் வயிற்றைக் குத்தும். மணல் மூட்டை போதும்.

சேறு வேறு

இனி பேரலும் சேறும். இங்கே நிலவரமே மாறுகிறது. டயரை யாராவது காசு கொடுத்து வாங்க வாய்ப்பு உண்டு. சாயச் சேற்றை யாரும் வாங்க மாட்டார்கள். எடுத்துக்கொள்வதற்கு நாம்தான் காசு கொடுக்க வேண்டும். காசு கொடுத்துப் போக வேண்டிய பொருளை, அதைவிடக் குறைந்த காசுக்கு நான் எடுத்துப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால், மிச்சக் காசுக்கு ஈடாக யாரோ ஒருவரின் கிணறு போகிறது.

கொங்கில் எதெல்லாம் இந்த வகை? திருப்பூர், ஈரோடு, கரூர் சாயப் பட்டறைகளின் சுத்திகரிப்புச் சேறு. கோவைப் பட்டறைகளின் முலாம்பூச்சுச் சேறு. அதில் நிக்கலும் குரோமியமும் இருக்கும். பெயிண்ட் கசடு, தீர்ந்த அமிலம், கழிவு ஆயில். ரசாயனம் வந்த பேரல்கூட, காலியாக இருந்தாலும், உள்ளே படிந்தது கழுவப்படாதவரை விதிகளின் அட்டவணையில் அபாயக் கழிவுதான். அந்த நீல பேரலைச் சந்தையில் வாங்கி வீட்டுக்குத் தண்ணீர் பிடித்து வைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முன்பு உள்ளே என்ன இருந்தது என்று விற்கிறவருக்கே தெரியாது.

இதில் ஒரு முரண் இருக்கிறது. நொய்யலைக் காப்பாற்ற நடந்த போராட்டத்தின் பலனாக 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகள் ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடக் கூடாது என்றது. கேட்கவில்லை என்றதும் 2011 ஜனவரியில் மொத்தமாக மூடச் சொன்னது. பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் தேறின. தண்ணீரைத் திரும்ப எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். ஆற்றில் ஓடியது நின்றது. ஆனால் அதில் கரைந்திருந்தது எங்கே போகும்? சேறாகவும் உப்பாகவும் கெட்டிப்பட்டு நிற்கிறது. திரவமாக ஓடியபோது ஒரத்துப்பாளையம் அணை மாதிரி ஓரிடத்தில் தேங்கி ஊருக்கே தெரிந்தது. கெட்டியானபின் லாரியில் ஏற்றி எங்கு வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். கண்காணிக்க வேண்டியது இப்போது ஆற்றை மட்டுமல்ல, சாலையையும்.

சேற்றுக்கும் உப்புக்கும்கூட வழி ஒன்றல்ல. அனுமதி பெற்ற சிமெண்ட் ஆலைக்குச் சேறு போகலாம். திருப்பூர்ச் சேறு அப்படிப் போகவும் செய்கிறது. சூளையின் வெப்பத்தில் சாயமும் கரிமப் பொருளும் எரிந்துவிடும், சுண்ணாம்பும் இரும்பும், அரைத்துச் சிமெண்டாக்கும் கிளிங்கர் கட்டியோடு கலந்துவிடும். கலப்பு உப்பு அப்படிப் போகாது. குளோரைடு சூளைக்குள் படிந்து அடைத்துவிடும். தண்ணீர் பட்டால் கரையும் என்பதால் திறந்த வெளியில் வைக்கவும் முடியாது. கூரைக்கடியில் மூட்டை மூட்டையாக அடுக்கி வைப்பதே பல இடங்களில் நடக்கிறது. எதற்கும் ஆகாத மிச்சம் பாதுகாக்கப்பட்ட நிலநிரப்பிடத்துக்குத்தான் போக வேண்டும். அடியில் களிமண்ணும் கெட்டியான பிளாஸ்டிக் விரிப்பும், கசிவைப் பிடிக்கும் குழாய்களும் கொண்ட இடம் அது. தமிழ்நாட்டில் அது கும்மிடிப்பூண்டியிலும் விருதுநகர் மாவட்டத்தின் உண்டுறுமிக்கிடாக்குளத்திலும் இருக்கிறது. கோவையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு 500 கிலோமீட்டருக்கு மேல். சின்னப் பட்டறைக்காரர் இரண்டு பேரல் கசடுக்கு அந்த வாடகையையும் நிலையத்தின் கட்டணத்தையும் கேட்டதும் தலையைச் சொறிவதைப் புரிந்துகொள்ள முடிகிறது. மன்னிக்க முடிகிறதா என்பது வேறு.

சட்டம் இதை ஊகித்தே எழுதப்பட்டிருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளின்படி ஓர் ஆலை தன் கழிவை 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. வெளியே அனுப்பும்போது படிவம் 10 என்ற மேனிஃபெஸ்ட், அதாவது கழிவோடு போகும் சீட்டு, ஏழு நிறப் பிரதிகளாகப் போட வேண்டும். ஒன்று வாரியத்துக்கு, ஒன்று வண்டிக்காரருக்கு. பெற்றுக்கொண்ட நிலையம் கையெழுத்திட்ட பிரதி அனுப்பினவருக்கே திரும்பி வர வேண்டும். அந்தத் திரும்பி வரும் தாள்தான் முக்கியம். வண்டி கிளம்பியது, போய்ச் சேரவில்லை என்றால் தாளில் அது தெரிந்துவிடும். கொட்டியவரைப் பிடிக்க ராத்திரி இட்டேரியில் காவல் இருக்கலாம். அதைவிட, அந்த வட்டாரத்து ஆலைகளில் எத்தனை டன் சேறு உருவாகியிருக்க வேண்டும், எத்தனை டன் போய்ச் சேர்ந்ததாகத் தாள் சொல்கிறது என்று கழித்துப் பார்ப்பது வேகமான வழி. ஆலை எவ்வளவு சாயமேற்றுகிறது, எவ்வளவு தண்ணீர் எடுக்கிறது என்ற எண்கள் ஏற்கெனவே வாரியத்தின் கோப்பில் இருக்கின்றன.

அபாயக் கழிவைப் பாறைக்குழியில் கொட்டுவது ஏன் இவ்வளவு மோசம் என்பதற்கு நம் தரையைப் பார்க்க வேண்டும். கொங்கு கடும்பாறை நாடு. மேலே கொஞ்சம் மண், அதற்குக் கீழே சிதைந்த பாறை, அதற்கும் கீழே கெட்டிப் பாறை. தண்ணீர் இருப்பது சிதைந்த பாறையின் துளைகளிலும் கெட்டிப் பாறையின் வெடிப்புகளிலும். மேலிருக்கும் மண் ஒரு வடிகட்டி. பல உலோகங்களை அது பிடித்து வைத்துக்கொள்ளும். பாறைக்குழி என்பது அந்த மண்ணையும் சிதைந்த பாறையையும் எடுத்துவிட்டு, வெடி வைத்து வெடிப்புகளை இன்னும் அகலமாக்கிய இடம். அதில் கொட்டுவது வடிகட்டியைத் தாண்டி நேரே நிலத்தடி நீரில் ஊற்றுவதற்குச் சமம். வெடிப்பு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் போகும். பக்கத்துக் கிணறு நன்றாக இருக்கும். அரைக் கிலோமீட்டர் தள்ளி ஆயிரம் அடி போரில் நாற்றம் வரும். எங்கிருந்து வந்தது என்று நிரூபிப்பது கடினம் என்பது கொட்டுகிறவருக்கு வசதியாகப் போகிறது.

ராஜஸ்தானில் உதய்பூர் அருகே பிச்ச்ரி என்ற கிராமத்தில் நடந்ததைச் சாயத் தொழில் இருக்கும் எந்த ஊரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். எச்-அமிலம் என்ற சாய மூலப்பொருளைச் செய்த ஆலை 1988 வாக்கில் 375 டன் உற்பத்திக்கு ஏறக்குறைய 2,440 டன் சேற்றை உண்டாக்கித் திறந்த நிலத்தில் போட்டது. ஆலை சீக்கிரமே நின்றுவிட்டது. சேறு நிற்கவில்லை, மழையில் கரைந்து கிணறுகளின் தண்ணீரைக் குடிக்கவும் பாசனத்துக்கும் ஆகாமல் அடித்தது. 1996 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவர்தான் சீரமைக்கும் செலவையும் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த வேலூர் தோல் ஆலைத் தீர்ப்பும் அதையே உறுதிசெய்தது. அது பேசிய ஐந்து மாவட்டங்களில் அப்போதைய ஈரோடு பெரியார் மாவட்டமும் ஒன்று. ஆனால் பிச்ச்ரிக்கான தொகையைக் கட்டாமல் வழக்கை இழுத்தடித்த ஆலைகளை, 2011-இல் கூட்டுவட்டியோடு கட்டுங்கள் என்று உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது. தீர்ப்பு கிடைப்பதும் கிணறு திரும்பக் கிடைப்பதும் ஒன்றல்ல.

நம் நிலத்தில் கிடந்தால்

நிலம் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. 'குழியை நாங்களே மூடிக் கொடுக்கிறோமுங்க, காசு வேண்டாம்' என்று ஒருவர் வந்தால், எதைப் போட்டு மூடப்போகிறார் என்று கேளுங்கள். விதிகளில் 'ஆக்குப்பையர்' என்ற பொறுப்பாளர், ஆலை நடத்துகிறவர் மட்டுமல்ல. அபாயக் கழிவு யார் வசம் இருக்கிறதோ அவரும்தான். வாடகைக்கு விட்ட குடோனில் பேரலை அடுக்கிவிட்டு வாடகைதாரர் காணாமல் போனால், அதிகாரிகள் முதலில் தட்டுவது நிலத்துக்காரர் கதவைத்தான். வாடகை ஒப்பந்தத்தில் என்ன வைக்கப்போகிறார் என்பதை எழுதி வாங்குவதும், மாதம் ஒரு தடவை ஷட்டரைத் திறந்து பார்ப்பதும் செலவில்லாத காப்பு.

கொட்டியது கொட்டியாகிவிட்டது என்றால், கிடப்பது வெறும் டயரா, வேறு ஏதாவது சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. வெறும் டயர் என்றால் ஊரே ஏற்றி அனுப்பலாம். உள்ளே தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, காய்ந்த புல் இல்லாத இடத்தில் சின்னச் சின்ன அடுக்காக, இடைவெளி விட்டு வைத்து, தார்ப்பாய் போட்டு மூடி, ஊராட்சி மூலம் மத்திய வாரியத்தின் இணையதளத்தில் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுக்கலாம். எடைச் சீட்டும் ரசீதும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

பேரலோ சேறோ அடையாளம் தெரியாத மூட்டையோ இருந்தால் கை வைக்கக் கூடாது. முகர்ந்து பார்ப்பது, குச்சியால் கிளறுவது, மூடியைத் திறப்பது, பேரலை உருட்டி ஓரமாக வைப்பது எதுவும் வேண்டாம். அமிலமும் சயனைடு கலந்த முலாம்பூச்சுக் கழிவும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்து கலந்தால் வருகிற வாயு ஆளைக் கொல்லும். ஆடு மாட்டைத் தள்ளி ஓட்டிவிட்டு, காற்று வரும் பக்கம் நின்று, தூரத்திலிருந்தே படம் எடுக்கலாம். பேரலின் ஒட்டுச்சீட்டும் வண்டித் தடமும் படத்தில் வருவது நல்லது. மழை வரும் போலிருந்தால், தாழ்வான பக்கத்தில் கொஞ்சம் எட்ட இருந்து வரப்பு மாதிரி மண் அணைத்துவிடலாம். அவ்வளவுதான் நம் வேலை. ஜேசிபி வேண்டவே வேண்டாம். கலந்துவிட்டால் ஒரு டன் கழிவு பத்து டன் நச்சு மண்ணாகிவிடும். பத்து டன்னுக்கும் அதே கட்டணம்தான்.

புகாரை எழுத்தில் கொடுக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலர், காவல் நிலையம், அப்புறம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர். மாவட்டத்துக்கு ஓர் அலுவலகம் என்று நினைத்துவிட வேண்டாம். திருப்பூரில் வடக்கு, தெற்கு என இரண்டு, பெருந்துறையிலும் குமாரபாளையத்திலும் தனித்தனி. யாருடைய எல்லை என்று தெரியாவிட்டால் இருவருக்கும் அனுப்பிவிடலாம். பொதுத் தொல்லையை அகற்ற உத்தரவிடும் அதிகாரம் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவின்கீழ் கோட்டாட்சியருக்கு இருக்கிறது. முன்பு இது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133. வக்கீல் வைக்காமலேயே மனுக் கொடுக்கலாம், பெரும்பாலும் யாரும் கொடுப்பதில்லை. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் தண்டனை 2024 ஏப்ரல் முதல் சிறையிலிருந்து அபராதமாக மாறிவிட்டது: பத்தாயிரம் ரூபாயிலிருந்து பதினைந்து லட்சம் வரை. ஒரு லோடுக்கு மிச்சப்படும் காசோடு ஒப்பிட்டால் இந்தக் கீழெல்லை கொட்டுகிறவரைப் பயமுறுத்துமா என்று எனக்குச் சந்தேகம்தான். எல்லை தாண்டி வரும் மருத்துவக் கழிவு பெரிய தலைவலியான பிறகு, அதைக் கொட்டுகிறவர்களைத் தடுப்புக் காவலில் வைக்கும்படி 2025-இல் தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தியது. சாயச் சேற்றுக்கு அந்தக் கெடுபிடி இல்லை.

அதே 2025 ஜூலையில் மாசுபட்ட இடங்களை நிர்வகிக்கும் விதிகளை ஒன்றிய அரசு வெளியிட்டது. சந்தேகத்துக்குரிய இடத்தைப் பட்டியலில் சேர்த்து, மண்ணையும் நீரையும் ஆய்ந்து, மாசு உறுதியானால் கொட்டியவர் செலவில் சீரமைப்பது என்று அது படிப்படியாகப் போகிறது. பழைய பாறைக்குழிகளுக்கு இது கைகொடுக்கலாம். பட்டியலில் சேர முதலில் யாராவது எழுதிக் கொடுக்க வேண்டும். கிராம சபைத் தீர்மானமாகப் போட்டு அனுப்பினால் தள்ளிவைப்பது கடினம்.

வீட்டளவில் இருப்பதையும் சொல்லிவிடலாம். பூச்சிமருந்து டப்பாவை மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரையும் தெளிப்பானிலேயே ஊற்றி, டப்பாவை மறுபடி யாரும் பயன்படுத்தாதபடி உடைத்துவிட வேண்டும். கிணற்று மேட்டில் வீசக் கூடாது. வண்டியிலிருந்து இறக்கும் கழிவு ஆயிலைச் சென்ட்ரிங் பலகைக்கும் மாட்டுக் கொட்டகைத் தூணுக்கும் பூசுவது நெடுநாள் பழக்கம். அதில் இஞ்சின் தேய்மான உலோகம் இருக்கிறது, மாடு தூணை நக்கும். அதைத் தனி கேனில் சேர்த்து ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தால் சுத்திகரிப்பு ஆலைக்குப் போகும். 2024 ஏப்ரல் முதல் ஆயில் கம்பெனிகளுக்கும் டயரைப் போலவே மறுசுழற்சிப் பொறுப்பு வந்திருப்பதால் அதற்கு இப்போது விலையும் இருக்கிறது.

கிணற்றில் நாற்றமோ நிற மாற்றமோ தெரிந்தவர்கள் தண்ணீரை உடனே ஒரு அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கொடுத்துத் தேதியிட்ட அறிக்கை வாங்கி வைப்பது நல்லது. சென்னையில் இருக்கும் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில், கொட்டுவதை நிறுத்தும்படி கேட்கும் வழக்கைக் காரணம் எழுந்த ஆறு மாதத்துக்குள் போட வேண்டும். இழப்பீடும் சீரமைப்பும் கேட்க ஐந்து ஆண்டு அவகாசம் உண்டு. இரண்டிலும் தகுந்த காரணம் காட்டினால் இன்னும் அறுபது நாள் கிடைக்கும். நாள் எண்ணத் தொடங்குவது எந்தத் தேதியிலிருந்து என்பதில்தான் எதிர்த்தரப்பு முதலில் சண்டை போடும். அந்த இடத்தில் ஆய்வக அறிக்கையின் தேதியும் வாரியத்துக்கு அனுப்பிய பதிவுத் தபாலின் ரசீதும் பேசும்.